கிளோ த வூஜோ: பழைய ஒயின் ஆலையும் அதன் முற்றமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரான்சின் பர்கண்டிப் பகுதியில், திஜோன் நகருக்கும் போன் நகருக்கும் நடுவே, திராட்சைத் தோட்டத்தின் மத்தியில் தனியாக நிற்கிறது கிளோ த வூஜோ. பாரிஸில் எங்கள் வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்களையும் நண்பர்களையும் இதுவரை நாலைந்து முறை அங்கே கூட்டிப் போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கிளம்புவதற்கு முன்னால் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வரும். ஒரே இடத்தில் பதில் எழுதி வைத்தால் எல்லாருக்கும் உதவும் என்று எழுதுகிறேன்.

இது கோட்டையா, மடமா, அருங்காட்சியகமா?

மூன்றும் கொஞ்சம் கொஞ்சம். பலகையில் 'ஷாத்தோ' (கோட்டை, மாளிகை) என்று போட்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டு ராஜா ராணி வாழ்ந்த அரண்மனை என்று நினைத்து வருபவர்கள் பலர். இங்கே ராஜா யாரும் வாழ்ந்ததில்லை. சீத்தோ என்ற கத்தோலிக்க மடத்துத் துறவிகள் 12-ஆம் நூற்றாண்டில் திராட்சையைப் பிழிந்து, புளிக்க வைத்து, பீப்பாயில் சேர்த்து வைக்கக் கட்டிய வேலையிடம் இது. நம் ஊர்ப் பக்கத்தில் சொல்வதென்றால் களமும் செக்கும் களஞ்சியமும் ஒரே இடத்தில் இருப்பது போல. வசிக்கிற மாளிகை 1551-இல்தான் வந்தது.

'கிளோ' என்றால் மதில் சூழ்ந்த தோட்டம். சுமார் 50 ஹெக்டேர், அதாவது 125 ஏக்கர் நிலத்தைச் சுற்றித் துறவிகள் கல் மதில் எழுப்பினார்கள். 1336 வாக்கில் அந்த வேலை முடிந்தது. வூஜோ என்ற பெயர் பக்கத்தில் ஓடும் வூஜ் என்ற சின்ன ஆற்றிலிருந்து வந்தது.

இப்போதும் அங்கே ஒயின் தயாரிக்கிறார்களா?

இந்தக் கட்டடத்துக்குள் இல்லை. வெளியே கண்ணுக்கெட்டிய தூரம்வரை தெரியும் கொடிகள் எல்லாம் உயிரோடு விளைகிற தோட்டம்தான். ஆனால் அதன் சொந்தக்காரர்கள் வேறு, கட்டடத்தின் சொந்தக்காரர்கள் வேறு. அந்த 50 ஹெக்டேரை இன்று சுமார் 80 பேர் துண்டு துண்டாக வைத்திருக்கிறார்கள். சிலருக்குச் சில வரிசைக் கொடிகள் மட்டுமே உண்டு. பெரும்பாலோர் அறுவடை செய்த திராட்சையைத் தங்கள் தங்கள் ஊருக்கு எடுத்துப் போய் ஒயினாக்குகிறார்கள். மதிலுக்கு உள்ளேயே தயாரிப்பது ஷாத்தோ த லா தூர் என்ற ஒரு நிறுவனம் மட்டும். அது தனிக் கட்டடம், இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

துறவிகளுக்கு ஒயினில் என்ன வேலை?

நியாயமான கேள்வி. என் அம்மாவும் இதைத்தான் முதலில் கேட்டார். திருப்பலிக்குத் திராட்சை இரசம் வேண்டும், அது ஒன்று. அவர்கள் பின்பற்றிய ஆசீர்வாதப்பர் (புனித பெனடிக்ட்) ஒழுங்குமுறை, ஒவ்வொரு துறவிக்கும் ஒரு நாளைக்கு ஒரு சிறு அளவு ஒயினை அனுமதித்தது, அது இன்னொன்று. வருகிற விருந்தாளிகளுக்கும் கொடுக்க வேண்டியிருந்தது. மீதியை விற்றார்கள்.

இதைவிட முக்கியமான காரணம் அவர்களுடைய கொள்கை. 1098-இல் சீத்தோவில் மடம் தொடங்கியவர்கள், அன்றைய மடங்கள் சொகுசாகிவிட்டன என்று வெறுத்துப் பிரிந்து வந்தவர்கள். தன் கையால் உழைத்துச் சாப்பிட வேண்டும் என்பது அவர்கள் விதி. ஆனால் சீத்தோ இருப்பது சதுப்பு நிலத்துக் காடு. அங்கே நல்ல திராட்சை வராது. அதனால் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் மேற்கே, சுண்ணாம்புக் கல் சரிவில், தானமாகக் கிடைத்த நிலத்தையும் விலைக்கு வாங்கிய நிலத்தையும் சேர்த்துக்கொண்டே போனார்கள். தோட்ட வேலையில் பெரும்பகுதியைச் செய்தவர்கள் 'கோன்வேர்' எனப்பட்ட உழைப்புச் சகோதரர்கள். மடத்தைச் சேர்ந்தவர்கள்தான், ஆனால் கோவிலில் ஜெபம் பாடும் துறவிகளின் வரிசையில் இடம் இல்லாதவர்கள். பெரும்பாலும் எழுத்தறியாத குடியானவர்கள். இந்த இடத்தைச் சுற்றிப் பார்க்கும்போது அவர்களை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள். நீங்கள் பார்க்கப் போகிற எல்லாமே அவர்கள் தோளில் ஏறி வந்ததுதான்.

முற்றம் முற்றம் என்கிறீர்களே, அதில் அப்படி என்ன இருக்கிறது?

முதலில் ஒரு விஷயம். இங்கே இரண்டு முற்றங்கள் உண்டு. வாசலைத் தாண்டியதும் வருவது பெரிய முற்றம். எதிரே 16-ஆம் நூற்றாண்டு மாளிகை, வெளிர்நிறக் கல், உயரமான கூரை. எல்லாரும் இங்கேதான் படம் எடுத்துக்கொள்கிறார்கள். நன்றாகத்தான் இருக்கும், எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்லும் முற்றம் உள்ளே இருப்பது. ஒயின் தொட்டிகள் இருந்த கூடத்தின் நடுவில் ஒரு சின்னச் சதுரம். நாலு பக்கமும் ஓட்டுக் கூரை உள்நோக்கிச் சரிந்து இறங்குகிறது, அதற்குக் கீழே நாலு பக்கமும் தாழ்வாரம் மாதிரி மூடிய பகுதி. காரைக்குடிப் பக்கத்து வீடுகளைப் பார்த்தவர்களுக்கு அந்த அமைப்பு உடனே பிடிபட்டுவிடும். மேலே திறந்த வானம், சுற்றிலும் நிழல். துறவிகளுக்கு இது பழகிய வடிவமும்கூட. மடத்தில் அவர்கள் ஜெபித்தபடி நடக்கிற சதுர முற்றத்தின் அதே வடிவத்தில் வேலைக்கூடத்தையும் கட்டிவிட்டார்கள்.

நாலு மூலையையும் பாருங்கள். ஒவ்வொரு மூலையிலும் ஒரு பிரம்மாண்டமான மரப் பிழிபொறி. நாலு மூலைக்கு நாலு. நடுவில் பழம் வந்து இறங்கும், பக்கங்களில் தொட்டிகள், மூலைகளில் பிழிபொறிகள். எங்கிருந்தும் எங்கேயும் தூக்கிப் போக வேண்டிய தூரம் குறைவு. அறுவடை என்பது சில நாட்களுக்குள் முடிக்க வேண்டிய வேலை, திராட்சை காத்திருக்காது. அந்த அவசரத்தைத் தெரிந்தவர்கள் போட்ட திட்டம் இது. பெரிய முற்றத்தில் அரை மணி நேரம் நின்றுவிட்டு இதை இரண்டு நிமிடத்தில் கடந்து போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. தயவுசெய்து நேரத்தை இங்கே செலவழியுங்கள்.

அந்தப் பிழிபொறி எப்படி வேலை செய்தது?

ஏற்றம் இறைப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு பக்கம் எடை, ஒரு பக்கம் இழுப்பு, நடுவில் நீளமான மரம். இதுவும் நெம்புகோல்தான், ஆனால் இறைக்க அல்ல, நசுக்க.

சிவப்பு ஒயினுக்குப் பழத்தை எடுத்ததும் பிழிய மாட்டார்கள். முதலில் திறந்த மரத் தொட்டியில் கொட்டி, காலால் மிதித்து, தோலோடு சேர்த்துப் புளிக்க விடுவார்கள். நிறம் தோலிலிருந்துதான் வருகிறது. புளித்து முடிந்ததும் தானாக வடிகிற ஒயினை இறக்கிவிடுவார்கள். தொட்டியின் அடியில் தோலும் விதையும் காம்புமாக ஒரு சக்கை மிஞ்சும். அதற்குள்ளும் நிறைய ஒயின் இருக்கும். அதை எடுக்கத்தான் பிழிபொறி.

சக்கையை மேடையில் சதுரமாகக் குவிப்பார்கள். அதன்மேல் பலகைகள், பலகைகளின்மேல் கட்டைகள். எல்லாவற்றுக்கும் மேலே, பல ஓக் மரங்களைச் சேர்த்துச் செய்த அந்தப் பெரிய உத்திரம். உத்திரத்தின் ஒரு முனையில் செங்குத்தாக ஒரு மரத் திருகு. அதில் செருகிய கழியை ஆட்கள் பிடித்துக்கொண்டு சுற்றி நடப்பார்கள். திருகு சுற்றச் சுற்ற உத்திரம் இறங்கும், ஒயின் ஒழுகும். மேற்கொண்டு சுற்றினால் அடியில் கட்டியிருக்கும் பாரம் தரையைவிட்டு மேலே எழும்பும். அதற்கப்புறம் ஆட்கள் போய்ச் சாப்பிடலாம், தூங்கலாம். பாரம் தானாகவே தொங்கி அழுத்திக்கொண்டிருக்கும். பிறகு வந்து, பிதுங்கி நிற்கும் ஓரங்களை மண்வெட்டியால் வெட்டி நடுவில் போட்டு, மறுபடியும் அழுத்துவார்கள்.

அந்தத் திருகைக் கிட்டே போய்ப் பாருங்கள். பனைமரத் தண்டு போலக் கனமான ஒற்றை மரம். அதில் மரை முழுவதும் கையால் செதுக்கியது. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையில் உளி போன தடம் ஒரே மாதிரி இருக்காது, ஒரு இடத்தில் கொஞ்சம் ஆழம், ஒரு இடத்தில் கொஞ்சம் மேலாக. ஆட்கள் கழி செருகிய துளையின் விளிம்பு மட்டும் வழவழவென்று மழுங்கியிருக்கிறது. என் அம்மா அதையே பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். "எங்க தாத்தா வீட்டு செக்குல மாட்டுக்குப் பதிலா ஆளு நடந்த மாதிரி" என்றார். வழிகாட்டி சொன்ன எதையும்விட எனக்கு அந்த வார்த்தைதான் இந்த இடத்தைப் புரிய வைத்தது.

வேறு என்னென்ன பார்க்கலாம்?

பீப்பாய்க் கூடத்தை விடாதீர்கள். 12-ஆம் நூற்றாண்டுக் கட்டடம். பர்கண்டியில் ஒயின் கூடம் என்றால் பூமிக்கு அடியில் இருக்கும், இது தரைமட்டத்தில் இருக்கிறது. ஆனாலும் உள்ளே காலெடுத்து வைத்ததும் குளிர்ச்சி தெரியும். தடித்த கல் சுவர், சின்னச் சின்னத் திறப்புகள், அதிகம் வெளிச்சம் வராத அமைப்பு, இவற்றைக் கொண்டே சூட்டை வெளியில் நிறுத்திவிட்டார்கள். இரண்டாயிரம் பீப்பாய் கொள்ளும் என்கிறார்கள். பர்கண்டிப் பீப்பாய் ஒன்றுக்கு 228 லிட்டர், ஏறத்தாழ 300 பாட்டில். கணக்குப் போட்டுப் பார்த்தால் நாலரை லட்சம் லிட்டர்.

அதற்கு மேல்மாடியில் உழைப்புச் சகோதரர்கள் படுத்த கூடம். அண்ணாந்து பார்க்க வேண்டியது கூரையின் மரச்சட்டம். கப்பலைக் கவிழ்த்து வைத்தது போல இருக்கும். 16-ஆம் நூற்றாண்டு சமையலறையும் உண்டு, பெரிய கணப்பு அடுப்போடு.

அந்த மாளிகையைப் பற்றி ஒரு கதை சொல்கிறார்களே?

1551-இல் சீத்தோவின் மடாதிபதி தோம் ஜான் லுவாஸியே பழைய ஆலையை ஒட்டி மாளிகை கட்டினார். அதற்கு வரைபடம் போட்ட இளந்துறவி, தன் வரைபடம் ரொம்ப அழகு என்று பெருமைப்பட்டானாம். மடாதிபதி அதை வேறு துறவிகளிடம் கொடுத்துக் கெடுக்கச் சொல்லி, கெட்டுப்போன வரைபடத்தில் அவனையே கையெழுத்துப் போட வைத்தாராம். அந்த வருத்தத்திலேயே அவன் இறந்துபோனானாம். செவிவழிக் கதைதான். ஆனால் முகப்பின் முன் நின்று, எங்கே பிசகியிருக்கிறது என்று தேடத் தொடங்கினால் கட்டடத்தைக் கவனமாகப் பார்க்கிறோம். பிள்ளைகளோடு போனால் இந்தக் கதையை வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.

துறவிகள் கையிலிருந்து எப்படிப் போனது? இப்போது யாரிடம் இருக்கிறது?

பிரெஞ்சுப் புரட்சியில் மடத்துச் சொத்துகள் எல்லாம் அரசுடைமையாயின. 1791-இல் இதையும் விற்றார்கள். 19-ஆம் நூற்றாண்டில் பெரும்பகுதிக் காலம் ஊவ்ரார் குடும்பத்திடம் முழுத் தோட்டமாகவே இருந்தது. 1889-இல் வாரிசுகள் விற்றபோதுதான் முதன்முறையாகத் துண்டானது. ஏழு நூற்றாண்டுகளாக ஒன்றாக இருந்தது அதன்பின் பங்கு பங்காகப் பிரிந்துகொண்டே போனது. அப்போது கட்டடத்தை வாங்கியவர் லெயோன்ஸ் பொக்கே என்ற ஒயின் வியாபாரி. பாழடைந்து கிடந்ததைத் தன் பணத்தைக் கொட்டிச் சீர்செய்தார். இன்று நாம் பார்க்கும் மாளிகை நிற்பதற்கு அவர்தான் காரணம். 1920-இல் எதியேன் கமுஸே என்ற அரசியல்வாதி வாங்கினார்.

1944-இல் ஒரு நண்பர்கள் சங்கம் அவரிடமிருந்து வாங்கி, தாஸ்த்வேன் வீரர் கழகத்திடம் 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. 'தாஸ்த்வேன்' என்பது ஒயினை ருசி பார்க்கிற சின்ன, ஆழமில்லாத வெள்ளிக் கிண்ணம். இந்தக் கழகம் 1934-இல் பக்கத்து ஊரான நுயி சேன் ஜார்ஜில் தொடங்கியது. அப்போது உலகப் பொருளாதார நெருக்கடி, ஒயின் வாங்க ஆளில்லை. விற்கவில்லை என்றால் கூப்பிட்டுக் குடிக்க வைப்போம் என்று விருந்துகள் நடத்த ஆரம்பித்தார்கள். இன்றும் சிவப்பும் பொன்னிறமுமான அங்கி அணிந்து, பீப்பாய்க் கூடத்தில் ஐந்நூறு பேருக்கு மேல் உட்கார்ந்து விருந்து நடக்கிறது. அது அழைப்பு உள்ளவர்களுக்கு. கட்டடத்தைப் பராமரித்து, பொதுமக்களுக்குத் திறந்து வைத்திருப்பது அந்தக் கழகம்தான்.

நாங்கள் குடிப்பதில்லை. போய் என்ன பிரயோஜனம்?

தாராளமாகப் போகலாம். சொல்லப்போனால் என்னோடு வந்தவர்களில் அதிகம் ரசித்தவர்கள் குடிக்காதவர்கள்தான். இங்கே பார்ப்பது கட்டடம், மரம், கல், வரலாறு. கையில் கோப்பையைத் திணிக்க மாட்டார்கள். கள் குடிக்காதவர்கள் பனையேறும் திறமையை வியக்கிறோம் அல்லவா, அந்த மாதிரி.

ஒரே 'கிளோ த வூஜோ' பெயர், விலை மட்டும் ஏன் இப்படி வித்தியாசப்படுகிறது?

வாங்க நினைப்பவர்களுக்கு இது பயன்படும். முழுத் தோட்டத்துக்கும் 'கிரான் க்ரூ' என்ற உச்சத் தகுதி ஒன்றே. ஆனால் மண் ஒன்றல்ல. மாளிகையை ஒட்டிய மேல் சரிவில் மண் மெல்லியது, கீழே சுண்ணாம்புக் கல், தண்ணீர் தங்காது. நெடுஞ்சாலையை ஒட்டிய கீழ்ப்பகுதியில் களிமண், மழைக்காலத்தில் ஈரம் கோத்து நிற்கும். துறவிகள் காலத்தில் எல்லாப் பகுதிப் பழத்தையும் கலந்து சமன் செய்ய முடிந்தது. 80 பேரிடம் பிரிந்த பிறகு அது முடியாது. ஆகவே பெயரைவிடத் தயாரிப்பாளர் யார், அவர் துண்டு எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். பழம் எல்லாருக்கும் பினோ நுவார் என்ற திராட்சை வகைதான்.

எப்படிப் போவது?

பாரிஸ் கார் த லியோன் நிலையத்திலிருந்து திஜோனுக்கு அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல். அங்கிருந்து போன் நகருக்குப் போகும் உள்ளூர் ரயிலில் ஏறினால் வூஜோ–ஜிலி என்ற சின்ன நிறுத்தம் கால் மணி நேரத்தில் வந்துவிடும். எல்லா ரயிலும் அங்கே நிற்காது, திரும்பி வரும் ரயிலின் நேரத்தைப் போகும்போதே குறித்துக்கொள்ளுங்கள். ஒருமுறை நாங்கள் பார்க்காமல் விட்டு, நிழல்கூட இல்லாத நடைமேடையில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தோம். நிறுத்தத்திலிருந்து மாளிகைக்கு அரை மணி நடை, கடைசிப் பகுதி கொடிகளுக்கு நடுவே லேசான ஏற்றம். கார் இருந்தால் திஜோனிலிருந்து தோட்டங்கள் வழியே வரும் பழைய சாலையில் வாருங்கள், விரைவுச் சாலை வேண்டாம்.

எந்த மாதம், எந்த நேரம் நல்லது?

செப்டம்பரில் அறுவடை. தோட்டத்தில் ஆட்களும் கூடைகளுமாக இருக்கும், முற்றத்தின் அர்த்தம் அப்போதுதான் முழுசாகத் தெரியும். வெயில் கூடிய ஆண்டுகளில் ஆகஸ்ட் கடைசியிலேயே தொடங்கிவிடுகிறார்கள். அக்டோபர் கடைசியில் கொடி மஞ்சளாகும், அதுவும் ஒரு அழகு. குளிர்காலத்தில் கூட்டமே இருக்காது, ஆனால் உள்ளே வெளியைவிடக் குளிரும். கோடையிலும் ஒரு சால்வை இருக்கட்டும்.

சனிக்கிழமைகளில் விருந்து காரணமாகச் சீக்கிரம் மூடுவது உண்டு. அதனால் கிளம்பும் முன் அவர்கள் இணையதளத்தில் அன்றைய நேரத்தையும் கட்டணத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் திறந்ததும் நுழைந்தால் உள்முற்றம் சற்று நேரம் உங்களுக்கே உங்களுக்கு. பார்த்து முடிக்க ஒன்றரை மணி நேரம் போதும்.

வயதானவர்கள், சின்னப் பிள்ளைகள்?

முற்றங்களும் பீப்பாய்க் கூடமும் தரைமட்டத்தில்தான். தரை சமமாக இருக்காது, நல்ல செருப்பு முக்கியம். சக்கர நாற்காலி தேவைப்பட்டால் முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொள்வது நல்லது. பிள்ளைகளுக்குப் பிழிபொறி ரொம்பப் பிடிக்கும். தோட்டத்துப் பாதையில் ஓடலாம், ஆனால் பழத்தைப் பறிக்கக் கூடாது. ஒவ்வொரு கொத்தும் ஒருவருடைய வருமானம்.

சைவம் கிடைக்குமா?

கவனம் தேவை. இந்த ஊர்ச் சமையலில் ஒயினும் மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் எங்கேயும் இருக்கும். முட்டை சாப்பிடுபவர்கள் 'எஃப் ஆன் முரெத்' என்று பார்த்துவிட்டு முட்டைதானே என்று சொல்லிவிடாதீர்கள். சிவப்பு ஒயின் குழம்பில் வெந்த முட்டை அது, பன்றிக்கொழுப்புத் துண்டுகளும் கிடக்கும். 'குஜேர்' என்ற பாலாடைக்கட்டி உருண்டை நம்பிச் சாப்பிடலாம், முட்டை மட்டும் சேரும். நாங்கள் திஜோன் சந்தையில் ரொட்டி, பாலாடைக்கட்டி, பழம் வாங்கிக்கொண்டு, மதிலோரம் உட்கார்ந்து புளியோதரையோடு சேர்த்துச் சாப்பிட்டுவிடுவோம்.

ஒரே நாளில் வேறு எதைச் சேர்த்துப் பார்க்கலாம்?

கார் இருந்தால் சீத்தோ மடத்துக்கே போய்விடுங்கள். பழைய கட்டடங்களில் கொஞ்சம்தான் மிச்சம். ஆனால் துறவிகள் இன்றும் இருக்கிறார்கள். இப்போது அவர்கள் கைவேலை பாலாடைக்கட்டி, அங்கேயே வாங்கலாம்.

ரயிலில் வந்தவர்கள் போன் நகருக்குப் போங்கள். 1443-இல் நிக்கோலா ரோலென் நிறுவிய ஏழைகள் மருத்துவமனையின் முற்றமும், வண்ண ஓடுகள் கோலம் போலப் பின்னிய கூரையும் அங்கே இருக்கின்றன. பர்கண்டிப் பிரபுக்களின் பழைய மாளிகையில் ஒயின் அருங்காட்சியகமும் உண்டு. 2015-இல் இந்தச் சரிவுத் தோட்டங்களை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது திஜோன், போன் நகரங்களின் பழைய பகுதிகளையும் சேர்த்தே அறிவித்தது. இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பதென்றால் வூஜோவைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். உள்முற்றத்துக்குக் காலை வெளிச்சம்தான் சரி.